சாருக்காக நடந்த நூறு நாள்

வாட்ச்சு நல்ல வாட்ச்சுதான் சார். அதுமேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. உங்க கையிலயும் ஒண்ணு கட்டிகினு இருக்கீங்க, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். மணி பாக்கத்தான் கொஞ்சம் சிரமம். கையத் தூக்கணும், திருப்பணும், அதுக்கா மனசு வந்தா மூஞ்சியக் காட்டும். பஸ் ஸ்டாண்டுல விக்கிற நூத்தம்பது ரூபா வாட்ச்சு எப்ப பாத்தாலும் மணி சொல்லும். ஆனா இத யாரு மணி பாக்க வாங்குறாங்க.

அடுத்தவரு வாட்ச்ச எதுக்குக் கட்டிகினு இருந்த, அவரு செத்த அப்பறமும் எதுக்குக் கழட்டலன்னு கேட்டீங்க. சொல்றேன். நான் ஒண்ணும் மறைக்கல. மறைக்கிற மாதிரி எதுவும் நடக்கவும் இல்ல.

என் பேரு குழந்தைவேல். ஊரு வடக்குத்து. வயசு முப்பத்தெட்டு. பதினேழு வருசமா மைன்ஸ்ல காண்ட்ராக்ட்டு. பெல்ட்டுலேருந்து கீழ கொட்டுற கரிய வாரி திரும்ப பெல்ட்டு மேல போடறது என் வேல. அது திரும்பக் கொட்டும், நான் திரும்பப் போடுவேன். சங்கரலிங்கம் சாரு எங்க ஃபோர்மேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரரு, பெர்மனென்ட், பத்தொம்பதாவது பிளாக்குல குவார்ட்டர்ஸ், ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருசம் இருந்துச்சு.

எங்க செக்ஷன்ல வேல எப்டி நடக்கும்னா, லாக் புக்குல ‘கிளீனிங் முடிந்தது’ன்னு அவரு எழுதுவாரு, முடிச்சவன் நானா இருப்பேன். இதுல ரெண்டு பேருக்குமே வருத்தமில்ல. ஷிஃப்ட்டு முடிஞ்சா அவரு வூட்டுக்கும் போவேன். சிலிண்டரு மாட்டுவேன், தென்னமட்ட வெட்டுவேன், செடிக்குத் தண்ணி ஊத்துவேன். சம்சாரம் தமயந்தியம்மா தங்கமானவங்க. சாப்ட்டியான்னு கேப்பாங்க. சாப்ட்டேம்மான்னு சொல்லுவேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சிடும்.

ஆடி மாசக் கடைசியில அவங்க பொண்ணு கிருஷ்ணப்ரியா பெங்களூருலேருந்து இந்த வாட்ச்ச வாங்கியாந்துச்சு. சாருக்கு சுகரு, பிரஷரு ரெண்டும் உண்டு. நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். டாக்டரு தெனம் நடக்கச் சொல்லியிருந்தாரு, நெஞ்சுக் குழாய்ல அடைப்பு இருக்குதான்னு ஒரு டெஸ்ட்டும் எடுத்துடச் சொல்லியிருந்தாரு. சாருக்கு நடக்கறதுன்னா சோம்பேறித்தனம், டெஸ்ட்டுன்னா பயம். அதனால பொண்ணு ஒரு வழி கண்டுபுடிச்சுது. நூறு நாளு இத ராத்திரி பகலா கட்டிக்குங்கப்பா, தெனம் பத்தாயிரம் ஸ்டெப்பு நடங்க, உங்க நடை, தூக்கம், நாடி எல்லாம் என் போன்ல வந்துடும், அதப் பாத்து டெஸ்ட்ட எப்ப எடுக்கலாம்னு முடிவு பண்ணலாம்னு சொல்லிட்டுப் போச்சு. பாசமான பொண்ணு சார், அதுல சந்தேகமே இல்ல.

மொத நாளு சாரு ஆயிரத்து முந்நூறு ஸ்டெப்பு நடந்தாரு. அதுல பாதி ஃபிரிட்ஜுக்குப் போய்ட்டு வந்தது. ரெண்டாம் நாளு சோபாவுல உக்காந்து டிவி பாத்துகினே கைய ஆட்டினாரு, நாலாயிரம் வந்துச்சு, தோள்பட்ட வலியும் வந்துச்சு. மூணாம் நாளு வாட்ச்ச சீலிங் ஃபேன் றெக்கையில கட்டிவுட்டு ஸ்விட்ச்சப் போட்டாரு. நாடியே இல்லன்னு பொண்ணுக்குத் தகவல் போயி அது அலறியடிச்சுகினு போன் பண்ணிச்சு. நாடி உள்ள கையா பாத்துக் கட்டணும்னு அப்பதான் அவருக்குப் புரிஞ்சுது.

நாலாம் நாளு என்னைக் கூப்ட்டாரு. "ஏல வேலு, நீ நாள்பூரா சும்மாதான நடக்க. இதையும் கட்டிக்கிட்டு நட"ன்னாரு.

கட்டிகினேன். சொன்ன வேலயச் செய்யறவன் சார் நானு.

மொத வாரம் அத மைன்ஸுக்கும் கட்டிகினு போனேன். பெல்ட்டு ஓட ஆரம்பிச்ச ஒடனே கையில கிச்சுகிச்சு மூட்டுச்சு. பாத்தா, இங்க சத்தம் அதிகமா இருக்குது, இன்னும் கொஞ்ச நேரம் இருந்தீங்கன்னா காது கெட்டுப் போகும்னு எழுதியிருக்குது. பதினேழு வருசமா அந்த எடத்துல நிக்கிறேன். என் காதப் பத்தி மொதல்ல கவலப்பட்டது அந்த வாட்ச்சுதான். சாயங்காலம் எண்ணிக்க இருபத்திரண்டாயிரத்தத் தாண்டிச்சு. பொண்ணு சாருக்குப் போன் பண்ணி, ஏம்ப்பா உங்கள மூட்ட தூக்க வுடறாங்களான்னு அழுவாத கொறையா கேட்டுச்சு. சாரு என்னைத் திட்டினாரு. என் வயசுக்குத் தக்கன நடலேன்னாரு. அவரு வயசுக்கு அவரு நடக்கறது ஆயிரத்து முந்நூறு, அத நான் சொல்லல.

வேலையில அலையறதெல்லாம் நடையில சேராது, ஒரே மூச்சா நடக்கணும்னு பொண்ணு சொல்லிடுச்சு. அதனால காலையில பிளாக் பார்க்குல நடக்கறதுன்னு ஆச்சு. பார்க்கச் சுத்தி ஒரு ரவுண்டு ஐந்நூறு ஸ்டெப்பு, இருபது ரவுண்டு போனா பத்தாயிரம். அக்கம்பக்கத்துல யாராச்சும் பொண்ணுகிட்ட ஒளறிடக் கூடாதுன்னு சாரும் டீசர்ட்டு, தொப்பி எல்லாம் போட்டுகினு வந்து பெஞ்சுல பேப்பரு படிப்பாரு. நான் சுத்தி வருவேன். முடிஞ்சதும் அவரு தொடைச்சிக்குவாரு, நெத்திய.

நீங்க சிரிக்கலாம் சார், நானும் சிரிச்சிருக்கேன். அவருக்குப் பதிலா நடந்தது மட்டுமில்ல, அவரு தூக்கத்தையும் நான்தான் தூங்கினேன். எங்க வூட்ல சத்யப்பிரியா, எங்க வூட்டுக்காரி, இன்னிக்கு யாரு தூக்கத்தத் தூங்கப் போறன்னு கேட்டுத்தான் வெளக்க அணைப்பா. ஒரு தபா, நேத்து பத்தர மணிக்கு நாடி ஏன் அவ்ளோ ஏறிச்சு, கெட்ட கனவா அப்பான்னு பொண்ணு கேட்டுடுச்சு. சாரு என்னைத் தனியா கூப்ட்டு, அந்த மாதிரி நேரத்துல கழட்டி வைக்கத் தெரியாதாலன்னாரு. கழட்டினா நாடி இல்லன்னு காட்டுமே சார்னேன். அப்ப நீ சும்மா படுன்னாரு. படுத்தேன்.

ஸ்டைலான்னு கேட்டீங்கன்னா, ஸ்டைல்தான். அது கையில இருந்தா ஜனங்க பாக்குற பார்வையே வேற. கேன்டீன்ல எனக்கு டீ முன்னாடியே வந்துச்சு. எங்க ஊரு இஸ்திரிக்காரரு, என்னாங்க பெர்மனென்ட் ஆயிட்டீங்களா, சொல்லவே இல்லன்னாரு. ஒரு முழுக்கை சட்டைய மடிச்சுவுட்டா போதும், பதினேழு வருசம் மனு எழுதி வராதது கையில வந்து ஒக்காந்துக்குது. நான் மறுக்கல. ஆமாங்கவும் இல்ல.

அப்பறம் அந்தப் பொண்ணு அனுப்பறது வரும். முடிச்ச ஒடனே கையில கிச்சுன்னு ஒரு தட்டு. ‘சூப்பர் பா’ன்னு இருக்கும், பக்கத்துல செவப்பா ஒரு இதயம். ‘உங்கள நெனச்சா பெருமையா இருக்கு’ன்னு ஒரு நாளு. ‘மழையில நனையாதீங்கப்பா’ன்னு ஒரு நாளு. அவரு பெஞ்சுல உக்காந்துகினு பேப்பர்ல எலக்சன் சேதி படிச்சிகினு இருப்பாரு. நனைஞ்சது நானு. அப்ப யாருக்கு வந்த சேதி அது? சட்டப்படி அவருக்கு. நான் அதுல ஒண்ணும் தப்பா நெனைக்கல. படிச்சிட்டு அவருகிட்ட சொல்லிடுவேன். சில நாளு சொல்ல மறந்துடுவேன்.

நாப்பதாவது நாளு போல பொண்ணு பேசிச்சு. அப்பா, உங்க நாடி ஓய்வா இருக்கறப்ப அம்பத்தாறுதான் அடிக்குது, பந்தயத்துல ஓடறவங்க நெஞ்சு மாதிரி இருக்குது, டெஸ்ட்டுக்கு அவசரமில்ல, நூறு நாளு முடியட்டும்னு சொல்லிடுச்சு. ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டோம். என் நெஞ்சத்தான் சொல்லுதுன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா அவரு மூஞ்சியில அப்டி ஒரு சந்தோசம். தமயந்தியம்மா சாமி படத்துக்கு வெளக்கு ஏத்தினாங்க. சாரு என்னைக் கூப்ட்டு கால் கிலோ ஜாங்கிரி வாங்கியாரச் சொன்னாரு. என் ரிசல்ட்டுக்கு அவரு ஜாங்கிரி தின்னாரு. அன்னிலேருந்து வாரம் ஒரு தபா வாங்கியாருவேன். கேட்டாரு, வாங்கியாந்தேன். திங்கச் சொல்லி நான் வாயில ஊட்டல.

எம்பது நாளைக்கு மேல அவருக்குக் காலு வீங்குச்சு. வூட்டுலேருந்து பார்க்குக்கு வரதுக்குள்ளயே ரெண்டு எடத்துல நிப்பாரு. நெஞ்சு மேல கைய வச்சுகினு, வாயுடான்னு சொல்லுவாரு. நான் வாயுதான் சார்னு சொல்லுவேன். நான் என்னா டாக்டருக்கா படிச்சேன்.

தொண்ணூத்திமூணாம் நாளு ஒரு சின்ன விசயம். மழையில என் செருப்பு அறுந்துபோச்சு. சாரு, பாப்பா வாங்கிக் குடுத்த ஷூ பொட்டியிலயே கெடக்கு, நீயே போட்டுக்க, நடக்கவன் நீதானன்னாரு. செருப்பு ஸ்டாண்டுலேருந்து பொட்டிய எடுத்தேன். கீழ்த்தட்டுல அழுக்கு ஒட்டாம இருக்க காகிதம் விரிச்சு வச்சிருந்தாங்க. அதுல என் போட்டோ இருந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நான் குடுத்த ஃபாரம் சார். இத்தன வருசம் இவன் இங்க வேல செஞ்சிருக்கான்னு ஃபோர்மேன் கையெழுத்து போட்டுக் குடுத்தா, சீனியாரிட்டி லிஸ்ட்டுல பேரு ஏறும். ஒரே ஒரு கையெழுத்து. எப்ப கேட்டாலும் மேல அனுப்பிட்டேன்லன்னு சொல்லிகினு இருந்தாரு. என் நெத்தி மேல பாத்ரூம் செருப்போட ஈரத் தடம் அப்டியே இருந்துச்சு. நான் ஃபாரத்த எடுக்கல. செருப்ப அது மேலயே திரும்ப வச்சிட்டு, ஷூவப் போட்டுகினு நடக்கப் போனேன். நல்ல ஷூ, மெத்து மெத்துன்னு இருந்துச்சு.

கோவமா இருந்துச்சான்னு கேக்குறீங்க. இல்ல சார். அந்த ஃபாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க அத எழுதவே வேணாம்.

மறுநாளு, தொண்ணூத்திநாலாம் நாளு, அவரா என் கையப் புடிச்சிகினாரு. மூஞ்சி வெளுத்துப்போயிருந்துச்சு. "வேலு, அத எங்கிட்ட குடு. இனிமே நானே கட்டுதேன். அது உள்ளதக் காட்டட்டும், பாப்பாட்ட நானே ஒத்துக்கிடுதேன், டெஸ்ட்டுக்குப் போயிருதேன்"ன்னாரு. அந்த மாதிரி பயந்து நான் அவரப் பாத்ததில்ல.

அப்ப நான் என்னா சொன்னேன்னா, சார், இன்னும் ஆறே நாளு. இப்ப உங்க கையில மாட்டினா அம்பத்தாறு அடிச்ச நாடி ஒரே நாள்ல தாறுமாறா காட்டும். பாப்பா அங்க தனியா இருக்குது, பதறிப்போயிடும். தொண்ணூத்திநாலு நாளும் பொய்யான்னு கேக்கும், அது மூஞ்சியில எப்டி சார் முழிப்பீங்க. நூறாவது நாளு ஞாயித்துக்கெழம. அதுக்கு மறுநாளு பாப்பாவே இங்க வருது. அப்ப பக்கத்துல ஒக்கார வச்சு பக்குவமா சொல்லிக்கலாம்னேன். அவரு என் கைய வுட்டாரு. நீ சொல்லுததும் சரிதான்னாரு. பாருங்க சார், பதினேழு வருசத்துல நான் சொன்னது சரின்னு அவரு ஒத்துகினது அது ஒண்ணுதான்.

ஞாயித்துக்கெழம காலையில தூறல். பார்க்குல ஆளே இல்ல. நான் நடந்து முடிச்சிட்டு வந்து பாத்தா அவரு பெஞ்சுல சாஞ்சிகினு கெடந்தாரு. கத்தினேன், ரோட்ல போன ஆட்டோவ நிறுத்தினேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போனோம். அங்க போறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. இதத்தான் மொதல்ல உங்ககிட்ட எழுதிக் குடுத்தேன்.

ஆஸ்பத்திரி வராண்டாவுல தமயந்தியம்மா போன எடுத்துப் பொண்ணுகிட்ட, அப்பா போயிட்டாருடின்னாங்க. அவங்களுக்கு இந்த வாட்ச்சு சமாச்சாரம் எதுவும் தெரியாது, கையில காணமேன்னு கேட்டா சார்ஜுல கெடக்குன்னு சாரு சொல்லிடுவாரு. அந்தப் பொண்ணு போன்ல கத்தறது எனக்கே கேட்டுச்சு. இல்லம்மா, நாடி எம்பத்திரண்டு அடிக்குது, நான் பாத்துகினேதான் இருக்கேன், டாக்டர சரியா பாக்கச் சொல்லுன்னு கத்துச்சு. நான் முழுக்கைய எறக்கிவுட்டுகினு செவுத்தோரமா நின்னேன். அம்மா ஓடிப்போயி டாக்டர மறுபடி கூட்டியாந்து அவரு கையப் புடிச்சிப் பாக்க வச்சாங்க. அவரு கைல ஒண்ணும் இல்ல.

அப்பவே கழட்டியிருக்கலாம்தான். கழட்டியிருந்தா அந்த நிமிசமே நின்னுபோயிருக்கும், அது அங்கேருந்து பஸ்ல தனியா வரணும். வந்து சேர்ற வரைக்குமாச்சும் அடிக்கட்டுமேன்னு வுட்டுட்டேன். இரக்கத்துலதான் சார் வுட்டேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தா, அந்த நூறு நாளும் அதுக்கு அப்பனா இருந்தது யாரு? நடந்தது நானு, தூங்கினது நானு, ‘சூப்பர் பா’ வாங்கினது நானு. நான் உசுரோடதான இருக்கேன்.

மறுநாளு சுடுகாட்டுக்குப் போறப்ப பாடையில நானும் ஒரு தோள் குடுத்தேன். குவார்ட்டர்ஸ்லேருந்து நாலாயிரத்து நூறு ஸ்டெப்பு. வூட்ல பொம்பளைங்க நடுவுல ஒக்காந்துகினு அந்தப் பொண்ணு மடியில இருந்த போனப் பாத்திருக்குது. அப்பா ரோட்ல நடந்து போறாரு. மேப்புல ஒரு நீலப்புள்ளி வளைவு திரும்புது, சுடுகாட்டுக்குள்ள நுழையுது, அங்க நிக்குது. அழுவாம எழுந்து நேரா உங்க ஸ்டேஷனுக்கு வந்துச்சாம். கெட்டிக்காரப் பொண்ணு.

இப்ப நீங்க அந்த வாட்ச்சோட நாடிக் கோட்டப் படமா எடுத்து வச்சிருக்கீங்க. ஆறு இருபத்தஞ்சுலேருந்து ஆறு நாப்பது வரைக்கும் மூணு ரவுண்டு. என் நாடி நூத்திப்பத்து. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல, தெனம் எப்டியோ அப்டி. பெஞ்சுல ஒரு ஆளு துடிக்கிறதப் பாத்தா எவனுக்கும் நெஞ்சு பதறும், ஒனக்கு ஏன் பதறலன்னு கேட்டீங்க. பிரயோஜனமான வாட்ச்சான்னு யாராச்சும் கேட்டா, உங்களுக்குப் பிரயோஜனப்பட்டுதுன்னு சொல்லுவேன். மனுசன் வாயி சொல்லாதத அது சொல்லுது.

அதனால திருத்தி எழுதிக்குங்க. பதினேழாவது ரவுண்டு முடிச்சு பெஞ்சாண்ட வந்தப்ப அவருக்கு வேர்த்துக் கொட்டிகினு இருந்துச்சு, தூறல்லயும் அது வேர்வைன்னு தெரிஞ்சுது. வேலு, வாட்ச்சுல அந்த ஆபத்து பட்டன அமுக்குல, ஆம்புலன்ஸ் வரும்லன்னாரு. மூணு நொடி அமுக்கிப் புடிச்சா போதும், எனக்குத் தெரியும். இன்னும் மூணு ரவுண்டுதான் சார் பாக்கி, முடிச்சிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனேன். மீதிய சாயங்காலம் நடந்திருக்கலாம். ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் அந்த நாளுதான். அதுவும் எனக்குத் தெரியும். பதினெட்டாவது ரவுண்டுல அவருக்குப் பேச்சு வரல, கையத் தூக்கினாரு. பத்தொம்பதாவதுல கையும் தூக்கல, கண்ணு மட்டும் நான் போற பக்கமே திரும்பிகினு வந்துச்சு.

இருபதாவது முடிஞ்சதும் கையில ஒரு தட்டு. தங்கக் கலர்ல மெடலு, சுத்தி வெடி வெடிக்குது, ‘நூறு நாள், அப்பா’ன்னு பொண்ணு அனுப்பியிருக்குது. அத முழுசா படிச்சேன். ரெண்டு தபா படிச்சேன். படிச்சு முடிச்சு நிமிந்து பாத்தப்பவும் அவரு உசுரோடதான் இருந்தாரு சார், கண்ணு அடங்கினப்பறம்தான் நான் கத்தினேன்.